ஒரே இடம், மூணு ராத்திரி: காட்டு விடுதிப் பயணம் – வாசகர் கேள்வி பதில்

மசினகுடி, வால்பாறை என்று சனி ஞாயிறுக்குப் போய்வந்த நம் பக்கத்துக் குடும்பங்கள் இப்போது கென்யா, போர்னியோ என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டன. காட்டுக்குள்ளேயே தங்கி விலங்குகளைப் பார்க்கும் பயணம் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

நாங்க நாலு பேர். மே மாசம் லீவு விட்டதும் கென்யா போலாம்னு ஏஜென்ட்கிட்டப் பேசினோம். ஆறு நாளில் அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா நாலையும் காட்டறேங்கறார். விலையும் குறைச்சலாத்தான் இருக்குது. பணம் கட்டலாமுங்களா?
– பின்னலாடைத் தொழில் செய்யும் வாசகர், திருப்பூர்

இப்போதைக்குக் கட்ட வேண்டாம். முதல் சிக்கல் மாதம். கென்யாவில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழைக் காலம். மாராவின் பெரும்பகுதி, உடுமலைப் பக்கம் நாம் பார்க்கிற அதே மாதிரிக் கரிசல் மண். மழை பெய்தால் சக்கரம் அரையடி இறங்கும், வண்டியை வண்டி கட்டி இழுப்பதிலேயே காலை போய்விடும். புல்லும் ஆள் இடுப்புக்கு வளர்ந்து சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாது. சில முகாம்கள் ஏப்ரல், மே மாதங்களில் மூடியே கிடக்கும். விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறைகளில் மாராவுக்குப் பொருத்தமானது காலாண்டு விடுமுறை. மாடு போலிருக்கும் வில்டபீஸ்ட் மான்கள் சுமார் 13 லட்சமும் அவற்றோடு வரிக்குதிரைகளும் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மழையின் பின்னாலேயே வட்டமாக நகர்கின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பெருங்கூட்டம் மாரா பக்கம் இருக்கும். மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர் மிக நல்லது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் போனாலும் வாய்ப்பு உண்டு. தீபாவளிக்குப் போனால் பெரும்பாலும் கூட்டம் தெற்கே திரும்பத் தொடங்கியிருக்கும். கன்று போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் தான்சானியாவின் இந்தூட்டு சமவெளிக்குப் போக வேண்டும். அந்த மாதம் மாராவில் காத்துக் கிடந்து பயனில்லை.

இரண்டாவது சிக்கல் நாலு இடம். நைரோபியிலிருந்து அம்போசெலிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து நைவாஷா திரும்பவும் நைரோபி வழியாகத்தான். நகுருவிலிருந்து மாரா இன்னொரு ஐந்தாறு மணி நேரம், மாராவிலிருந்து நைரோபி மறுபடியும் அவ்வளவே. ஆறு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் தார்ச்சாலையிலும் புழுதியிலும் கழியும். விலங்குகள் நடமாடும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் நீங்கள் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள்.

மாராவில் மூன்று ராத்திரி, நைவாஷாவிலோ அம்போசெலியிலோ இரண்டு ராத்திரி. இதற்கு மேல் ஆறு நாளுக்குள் எதையும் திணிக்காதீர்கள். ஒரே இடத்தில் மூன்று ராத்திரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ராத்திரியில், விலங்கு பார்க்க வண்டியில் போகும் சவாரி ஐந்தாறு கிடைக்கும். அதில் ஒன்று மழையில் போகும், ஒன்றில் ஒன்றும் அகப்படாது. மிச்சத்தில்தான் காடு திறக்கும். நேற்று மாலை வயிறு ஒட்டிப் படுத்திருந்த சிங்கக் கூட்டம் இன்று விடியலில் வேட்டைக்குக் கிளம்பும் என்று வழிகாட்டி கணிக்க, அவர் நேற்று அங்கே இருந்திருக்க வேண்டும். தினம் ஓர் ஊர் மாறுகிறவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி கிடைப்பதே இல்லை.

ஏஜென்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: மாரா நுழைவுக் கட்டணம் தொகைக்குள் அடக்கமா, கிளம்பும் நாளுக்கும் சேர்த்தா? வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு ஜனவரி–ஜூனில் 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். நாலு பேர் பெரியவர் கணக்கில் வந்தால் செப்டம்பரில் மூன்று நாளுக்கு 2,400 டாலர் அதற்கே போகும். ‘கட்டணம் தனி’ என்று சின்ன எழுத்தில் இருந்தால் மலிவு விலை அங்கேயே மாயமாகிவிடும். அடுத்து வண்டி. கூரை திறக்கும் லேண்ட் குரூசரா, வேனா? உங்கள் நாலு பேருக்கு மட்டுமா, வேறு ஆட்களும் ஏறுவார்களா? ஆளுக்கொரு ஜன்னல் உண்டா? ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு உண்டா? அப்புறம் விடுதி வாயிலுக்கு உள்ளேயா வெளியேயா, வெளியே என்றால் எத்தனை நிமிடம்? வாயிலுக்கு 40 நிமிடம் தள்ளியிருக்கும் விடுதியில் தங்கினால் விடியல் வெளிச்சம் ரோட்டிலேயே தீர்ந்துவிடும்.

கையில் கொஞ்சம் தாராளம் இருந்தால் மாராவை ஒட்டிய நபோயிஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்ற சமூகக் காப்புநிலங்களில் தங்கலாம். மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டவை இவை. வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. பாதையை விட்டு இறங்கி ஓட்டவும், இரவு சவாரிக்கும், காவலரோடு நடக்கவும் அனுமதி உண்டு. அரசுக் காப்பகத்துக்குள் இரவு சவாரி கிடையாது. அறையில் குளியல் தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டு அந்தப் பணத்தை இங்கே போடுங்கள்.

ஆப்பிரிக்கா போக மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? எங்கே போடுவது? மாமனாருக்கு 66 வயது.
– வாசகி, ஈரோடு

கென்யா, உகாண்டா போகிறவர்களுக்கு அவசியம். திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்திலேயே சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

மருந்துக் கடையில் வாங்கிப் பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. முன்பதிவு செய்து, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் எழுதும் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். இனிஷியலை முன்னால் போட்டு எழுதிவிடுவதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி நடக்கிற தவறு.

உங்கள் மாமனார் விஷயத்தில் நிதானம் வேண்டும். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த தடுப்பூசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 9 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குப் பொதுவாகப் போடுவதில்லை. அவருடைய மருத்துவரைப் பார்த்த பிறகே மையத்துக்குப் போங்கள். போடக் கூடாது என்றால் மருத்துவ விலக்குச் சான்று வாங்க வழி உண்டு. ஆனால் நோய் உள்ள நாட்டுக்கு ஊசியில்லாமல் போவது சரியா என்பதையும் அவரிடமே கேளுங்கள். வீட்டில் குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போடும் கணக்கு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், அல்லது 28 நாள் இடைவெளி விட வேண்டும்.

மலேரியாவுக்கு ஊசி அல்ல, மாத்திரை. சில மாத்திரைகளைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கினால் போதும், சிலவற்றை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். எல்லாமே திரும்பி வந்தும் தொடர வேண்டியவை. அட்டோவகோன்–புரோகுவானில் என்றால் ஒரு வாரம், டாக்சிசைக்ளின் என்றால் நாலு வாரம். ஊர் வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுவதால்தான் பலருக்குக் காய்ச்சல் வருகிறது. மருத்துவரைப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே பார்ப்பது நல்லது.

சவன்னா சவன்னா என்கிறார்களே, அது எப்படி இருக்கும்? வால்பாறையில் இரண்டு நாள் இருந்தும் குரங்கு தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. அங்கே மட்டும் எப்படி மந்தை மந்தையாக நிற்கின்றன?
– வாசகர், காங்கேயம்

காங்கேயத்தில் இருந்துகொண்டு சவன்னா எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள். உங்கள் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்து வாசலில் நின்று பாருங்கள். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே மேயும் மாடு. புல்வெளியும் இடைவிட்ட முள்மரமும் சேர்ந்த நிலம்தான் சவன்னா. அந்தக் கொழுக்கட்டைப் புல் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தானாக வளர்கிற புல். கிளுவையின் பங்காளி மரங்களும் வேல மரங்களும் சேர்ந்த காடுதான் கென்யாவின் வறண்ட பகுதிகளில் நிற்கிறது. குடை விரித்தாற்போல் நிற்கும் வேல மரத்தடியில் காங்கேயம் காளைக்குப் பதில் வரிக்குதிரை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மந்தை விஷயம். புல்லின் குருத்து தரையை ஒட்டி இருப்பதால் மேயமேயத் துளிர்க்கும். வெளிச்சம் முழுதும் தரைக்கு வருகிறது, உணவு முழுதும் தரையில் விளைகிறது, தின்கிற விலங்கும் தரையில் நிற்கிறது. மழைக்காட்டில் கதை தலைகீழ். 30, 40 மீட்டர் உயர மரங்களின் இலைக்கூரை வெளிச்சத்தைத் தடுத்து, நூறில் ஓரிரு பங்கைத்தான் கீழே விடுகிறது. பழமும் துளிரும் மேலே. அதனால் விலங்குகளும் மேலே. சோலைமந்தி, கருமந்தி, மலையணில், இருவாச்சிப் பறவை எல்லாம் உச்சியில் குடியிருப்பவை. வால்பாறையில் நீங்கள் பார்த்த குரங்கு சிங்கவால் கொண்ட சோலைமந்தி என்றால், உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் பார்க்கவில்லை என்கிறீர்கள்.

மழைக்காட்டில் பார்க்கும் முறையே வேறு. வண்டியில் சுற்றுவதால் பயனில்லை. பழுத்திருக்கும் அத்தி, ஆல் இன மரம் எது என்று உள்ளூர் வழிகாட்டியைக் கேட்டு, விடியும் முன்னே அதற்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் அசையாமல். பச்சைப்புறா, மலையணில், இருவாச்சி என்று வரிசையாக வரும். இருவாச்சிக்கு ஜனவரி முதல் மார்ச் நல்ல காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். சிறகடிப்பு ரயில் வருகிற மாதிரி தூரத்திலேயே கேட்கும். ஆனால் கூட்டு மரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பது பெரும் பாவம். ஆள் நிற்பதைப் பார்த்தால் ஆண் பறவை ஊட்டாமலேயே திரும்பிவிடும்.

வரையாட்டை ஆழியாறு ஏறும் வழியில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவிலேயே காலை வேளையில் பார்க்கலாம். அதற்கு பிஸ்கட் போடாதீர்கள். ரோட்டோரம் பழகிய வரையாடு வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

டாப்சிலிப், பரம்பிக்குளம் இரண்டில் எது? அப்பா அம்மாவுக்கு 75 வயது. ஒரு ராத்திரி தங்கினால் போதுமுங்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை சோதனைச்சாவடி, டாப்சிலிப், அதைத் தாண்டினால் கேரள எல்லை, பரம்பிக்குளம். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் சாலை நம் பக்கமிருந்துதான் போகிறது. அதனால் இரண்டு சாவடி, இரண்டு நுழைவுக் கட்டணம். இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. மாலையில் சாவடி மூடிவிடுவார்கள். மதியம் ஒரு மணிக்குள் சேத்துமடையைத் தாண்டுகிற மாதிரி கோபியிலிருந்து காலை ஏழு, எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

பெரியவர்களோடு என்றால் பரம்பிக்குளம். அங்கே தங்குமிடத்தோடு வழிகாட்டி, சஃபாரி வண்டி, சாப்பாடு எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது. கூடார அறையைக் கேளுங்கள். மரவீட்டைக் கேட்காதீர்கள். படி செங்குத்து, ராத்திரி கழிப்பறைக்கு இறங்குவது 75 வயதுக்கு ஆகாது. தீவு விடுதியும் வேண்டாம், படகில் ஏறி இறங்க வேண்டும். டாப்சிலிப்பில் வனத்துறை ஓய்வில்லங்கள் எளிமையானவை, இருக்கிற இடம் அருமை. கோழிகமுத்தி யானை முகாம் பக்கத்தில் இருக்கிறது. மேலேயிருந்து மரத்தைச் சரிவில் தள்ளிவிட்டதால் வந்த பெயர்தான் டாப்சிலிப். மொட்டையடிக்கப்பட்ட அந்தத் தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை அங்கேயே இருக்கிறது. போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

ஒரு ராத்திரி போதாது. இரண்டாவது நாள் காலை எட்டு மணிக்கு நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள், காட்டுமாடு அப்போதுதான் புல்வெளிக்கு வரும். இரண்டு ராத்திரி குறைந்தபட்சம்.

பதிவை வனத்துறையின் சொந்த இணையதளத்தில் மட்டும் செய்யுங்கள். அடையாள அட்டை ஒவ்வொருவருக்கும் அசல் வேண்டும். பொள்ளாச்சியிலேயே டீசல் நிரப்பி, பணம் எடுத்து, மருந்து வாங்கிவிடுங்கள். அதற்கப்புறம் செல்போன் தொடர்பை நம்ப முடியாது. வழியில் வாங்கிய பலாப்பழம், வாழைத்தார், கரும்பு எதையும் வண்டியில் வைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். யானைக்கு அந்த வாசனை போதும், கண்ணாடியும் கதவும் அதற்குப் பொருட்டில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் (பி.ஏ.பி.) தண்ணீர் நமக்கு வாய்க்காலில் வருகிறதே என்று பரம்பிக்குளம் அணையில் கால் நனைக்க இறங்க வேண்டாம். அதில் முதலை இருக்கிறது.

மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் ‘நைட் சஃபாரி’ கூட்டிப்போவதாகச் சொல்கிறார்கள். போகலாமா?
– வாசகர், பெருந்துறை

கூடாது. முதுமலைக் காட்டில் தனியார் ஜீப்பில் ராத்திரி சஃபாரி என்று ஒன்று கிடையாது. வனத்துறை வண்டியில் காலையும் மாலையும் மட்டும்தான். டார்ச் அடித்துக்கொண்டு காட்டோரம் சுற்றுவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வண்டியில் உட்கார்ந்திருப்பவரும் மாட்டுவார். கண்ணில் வெளிச்சம் அடித்த யானை கொஞ்ச நேரம் பார்வை தடுமாறி நிற்கும். அது குட்டியோடு இருக்கும் யானை என்றால் நேரே வண்டி மேல் வரும்.

ராத்திரி சஃபாரி உண்டு என்று சொல்கிற விடுதி மற்ற விதிகளையும் மதிக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகளை அகற்ற வேண்டும் என்ற உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. முன்பணம் கட்டும் முன் விடுதிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையான விடுதிக்காரர் நகலை அனுப்புவார். நீலகிரிக்கு இ–பாஸ் எடுக்கவும் மறக்க வேண்டாம்.

ஜூலையில் வால்பாறை எஸ்டேட் பங்களாவில் நாலு நாள் தங்கப் போகிறோம். அட்டைக்கு என்ன செய்வது?
– வாசகி, கோவை

ஜூலை என்றால் அட்டை இல்லாமல் இருக்காது. அட்டை உறை என்று ஒன்று விற்கிறது. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வருவது. சாதாரண சாக்ஸ் போட்டு, பேன்ட்டை அதற்குள் விட்டு, அதன்மேல் அட்டை உறையை இழுத்து முழங்காலுக்குக் கீழே கட்ட வேண்டும். பலர் பேன்ட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப் போட்டால் அட்டை பேன்ட் மேலேயே ஏறி இடுப்புக்கு வந்துவிடும். ஷூ மேல் வேப்பெண்ணெயும் புகையிலைத் தண்ணியும் கலந்து தடவலாம், மழையில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். பாதையில் ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள்.

கடித்துவிட்டால் உப்பு, சுண்ணாம்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். அதைப் போட்டால் அட்டை குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். ஒல்லியான முனைதான் வாய். நகத்தை அந்த இடத்தில் தோலோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும், உடனே அடுத்த முனையையும் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்தியிருப்பதால் ஒழுகல் நிற்க நேரமாகும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை அழுத்திக் கட்டினால் போதும். இதயத்துக்காக ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மழைக்காலத்தில் காட்டு நடையைத் தவிர்ப்பது நல்லது.

அட்டையைவிட உண்ணிக்குத்தான் அஞ்ச வேண்டும். கடித்தது தெரியாது. தினமும் குளிக்கும்போது அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் முடி பிடுங்கும் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். காட்டிலிருந்து வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ‘காட்டில் தங்கினேன்’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குறுபூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணியால் வரும் குரங்குக் காய்ச்சல் இரண்டும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் மாதிரியே இருக்கும். உடம்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்க வாய்ப்பு அதிகம். சீக்கிரம் தெரிந்தால் எளிய மாத்திரையிலேயே குணமாகும்.

எஸ்டேட் பங்களாக்களில் ஒரு விதியை மட்டும் கைவிடாதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தைகளை முற்றத்தில் தனியே விட வேண்டாம். தேயிலைக் காட்டில் சிறுத்தையும் கரடியும் நடமாடுகின்றன.

சுத்த சைவம் நாங்கள். கென்யாவில் நாலு நாள் என்ன சாப்பிடுவது? கட்டுச்சோறு கொண்டு போகலாமா?
– வாசகி, நாமக்கல்

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். குஜராத்திகள் நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே வாழ்கிறார்கள். சப்பாத்தி அதே பெயரில் கென்யர்களின் அன்றாட உணவு. பாசிப்பயறுக் குழம்பு, கீரைப் பொரியல், மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கிதேரி எல்லாம் சைவமே. உகாலி என்று ஒன்று வைப்பார்கள். மக்காச்சோள மாவில் கிளறிய களிதான், நம் வீட்டுக் களியை உருட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிற அதே முறை. பதிவு செய்யும்போதே ‘முட்டையும் மீனும் கூடாது, பால் தயிர் ஆகும்’ என்று விரித்து எழுதுங்கள். வெறும் ‘சைவம்’ என்றால் மீனைச் சேர்க்கிற சமையல்காரர் உண்டு.

பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, முறுக்கு கொண்டு போகலாம். பச்சைக் காய், பழம், கறிவேப்பிலை, விதை வேண்டாம். எதில் கட்டுகிறீர்கள் என்பதில்தான் கவனம். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் கேரிபேக் தடை. அபராதம் லட்சக்கணக்கான ஷில்லிங், சிறையும் உண்டு. 2020 ஜூன் முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில், தட்டு, ஸ்ட்ராவும் கூடாது. தொக்கை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மஞ்சப்பையில் கட்டுங்கள். விமான நிலையக் கடையில் கொடுக்கும் கவரையும் விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

கூடாரத்துக்குள் மட்டும் எதையும் வைக்கக் கூடாது. பபூன் குரங்கு ஜிப்பைத் திறக்கக் கற்றிருக்கிறது. சமையலறையில் கொடுத்தால் பெயர் எழுதி வைத்திருப்பார்கள்.

கேமரா, துணிமணி எவ்வளவு எடுத்துப் போகலாம்?
– வாசகர், கரூர்

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் முக்கால் மணி நேரம். கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். விமானத்தின் வயிற்றுப் பெட்டி சின்னது, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி நுழையாது. முகாமில் துவைத்துக் கொடுப்பார்கள், மூன்று செட் போதும். மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், விடியலில் குன்னூர்க் குளிர் இருக்கும். ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். நிறம் காக்கி, மண் நிறம். கறுப்பும் கருநீலமும் கடிக்கிற செட்சி ஈயை இழுக்கும். திருப்பூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ராணுவப் புள்ளி போட்ட டீ–சர்ட், டிரவுசர் வாங்கிப் போகாதீர்கள். சில ஆப்பிரிக்க நாடுகளில் பொதுமக்கள் அதை அணியச் சட்டமே தடுக்கிறது. டிரோனும் வேண்டாம், விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

வண்டியில் முக்காலி வைக்க இடமில்லை. வெறும் துணிப்பை ஒன்று தைத்துக்கொண்டு போய், முகாமில் இரண்டு கிலோ அரிசியோ பீன்ஸோ கேட்டு நிரப்பி, ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸை அதன் மேல் வையுங்கள். கிளம்பும்போது சமையலறைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். 100–400 மி.மீ. லென்ஸ் மாராவுக்குத் தாராளம். வண்டி எஞ்சினை நிறுத்தச் சொன்ன பிறகே எடுங்கள், படம் ஆடுவதற்குப் பாதிக் காரணம் எஞ்சின்தான். அங்கே பிளக் மூன்று தட்டைக் கம்பி கொண்டது, அடாப்டர் வேண்டும். சூரிய மின்சாரத்தில் ஓடும் முகாம்களில் ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டி போட்டால் மொத்த முகாமும் இருண்டுவிடும்.

கேமராவைவிட முதலில் வாங்க வேண்டியது பைனாகுலர், ஆளுக்கு ஒன்று. 8×42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. 12 மடங்கு, 20 மடங்கு என்று கடைக்காரர் காட்டுவது கையில் நடுங்கும். வாங்கியதும் வெள்ளோட்டிலோ திருப்பூர் நஞ்சராயன் குளத்திலோ நாலைந்து காலை பழகுங்கள். பறக்கும் நாரையைக் கண்ணால் பார்த்தபடியே பைனாகுலரைத் தூக்கி அதே இடத்தில் பிடிக்கக் கை பழகிவிட்டால் போதும்.

மலேசியா போர்னியோ மழைக்காடு பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகர், உடுமலை

மழைக்காட்டில் பொறுமையாக உட்காரத் தெரிந்தவர்களுக்கு அருமையான இடம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சபா மாநிலத்துக்கு உள்நாட்டு விமானம். மலேசியாவுக்குள் இருந்தாலும் சபாவில் குடிநுழைவு முத்திரை தனியாகப் போடுவார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சுக்காவ் ஊரில் கினபத்தாங்கான் ஆற்றங்கரை விடுதிகளில் மூன்று ராத்திரி போடுங்கள். நீள்மூக்குக் குரங்கு, குட்டையான போர்னியோ யானை, ஒராங் உத்தான், பல வகை இருவாச்சிகள் ஆகியவற்றைப் படகில் இருந்தபடியே பார்க்கலாம். மரங்கள் ஆற்றோரம் மட்டும் திறந்து நிற்பதால் அடர்காட்டைவிட இங்கே கண்ணுக்கு அதிகம் கிடைக்கும். இன்னும் இரண்டு ராத்திரி இருந்தால் டானம் பள்ளத்தாக்கு. லஹாட் டாத்துவிலிருந்து காட்டுச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மார்ச் முதல் அக்டோபர் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவு. வால்பாறைக்கு வாங்கிய அட்டை உறையைக் கொண்டு போங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். கிளம்ப அரை மணி முன்பே பையோடு வெளித்திண்ணையில் வைத்துவிட வேண்டும்.

வேலி இல்லாத கூடார முகாமில் தங்கப் போகிறோம். ராத்திரி பயமில்லையா? ஐந்து வயதுப் பையன் வருகிறான்.
– வாசகி, தாராபுரம்

பதிவு செய்யும் முன்பே பையன் வயதைச் சொல்லிவிடுங்கள். வேலியில்லாத முகாம்களில் பல, சிறு குழந்தைகளை ஏற்பதில்லை. ஏற்றாலும் வண்டியைத் தனியாக எடுக்கச் சொல்வார்கள், நடைப்பயணம் குழந்தைக்குக் கிடையாது. உகாண்டா, ருவாண்டாவில் கொரில்லா பார்க்க 15 வயது முடிந்திருக்க வேண்டும், அதில் சலுகையே இல்லை. ஐந்து வயதுக்கு வேலி போட்ட, ஓடியாட இடமுள்ள விடுதிதான் சரி. சவாரியும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு முன்னே திம்பம் ஏறி, ஆசனூர் தாண்டி, சாமராஜநகர் வழியாக பிலிகிரி மலைக் காட்டிலுள்ள கே.குடிக்கு ஒருமுறை கூட்டிப்போய்ப் பாருங்கள். அதிகாலை எழுந்து, வண்டியில் சத்தமில்லாமல் உட்கார்கிறானா என்பது அங்கேயே தெரிந்துவிடும். திம்பத்தில் ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, பகலிலேயே ஏறிவிடுங்கள். கர்நாடகக் காடுகளில் சஃபாரி நடக்கிறதா என்பதையும் பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் வேலியில்லாத முகாமில் தங்குவதில் ஆபத்து குறைவு, விதியை மீறாதவரை. இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்குத் தனியே நடக்கக் கூடாது. விசில் ஊதினால் அல்லது டார்ச்சை வெளியே ஆட்டினால் காவலர் வந்து கூட்டிப்போவார், அவரை அங்கே அஸ்காரி என்பார்கள். ஜிப்பை மேலிருந்து கீழ்வரை முழுக்கப் பூட்ட வேண்டும். செருப்பை வெளியே விட்டால் காலையில் கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஆற்றோர முகாம் என்றால் ராத்திரி நீர்யானை கரையேறிப் புல் மேயும், அது கூடாரத்தை உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். அது கூடாரத்துக்குள் வராது. ஆனால் விடியலில் வெளியே வரும்போது நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே மட்டும் நின்றுவிடாதீர்கள். பயந்தால் அது ஓடுவது தண்ணீரை நோக்கித்தான், வழியில் நிற்பதை மிதித்துக்கொண்டு போகும்.

சிங்கத்தின் கர்ஜனை எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும். அதனால் பக்கத்தில் கேட்பதெல்லாம் பக்கத்தில் இல்லை. படுக்கும் முன் போர்வைக்குள் சூடான ரப்பர் பை ஒன்று வைத்திருப்பார்கள். பையன் காலில் பட்டு அலறாமல் இருக்க முன்னாலேயே சொல்லி வையுங்கள்.